இரண்டு வாரம் தாண்டிய ரத்தம் கெட்டதா?

"இரண்டு வாரம் தாண்டிய ரத்தம் கெட்டுப்போனது, புதிய ரத்தம்தான் வேண்டும் என்று அடம்பிடியுங்கள்" என்று, நோயாளிகளுக்கு ஏற்றச் சேமித்து வைக்கும் தான ரத்தத்தைப் பற்றி ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

அடினைன், குளுக்கோஸ் கலந்த கரைசலில், 2 முதல் 6 டிகிரி செல்சியஸில் வைத்த சிவப்பணுக்கள் 42 நாள் வரை தாங்கும். பைக்குள் அவை கொஞ்சம் தளர்வது உண்மைதான்: பொட்டாசியம் கசியும், ஆக்சிஜனைத் திசுக்களுக்கு விட்டுக்கொடுக்க உதவும் டிபிஜி என்ற வேதிப்பொருள் இரண்டு வாரத்தில் பெரும்பாலும் தீர்ந்துவிடும். வதந்தி இங்கிருந்துதான் கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் உடலுக்குள் போன சில மணி நேரத்திலேயே டிபிஜி மறுபடி ஊறத் தொடங்கிவிடும். தீவிர சிகிச்சை நோயாளிகளிடம் நடத்தி 2015-இல் வெளியான ஏபிள் ஆய்விலும், புதிய ரத்தத்தால் உயிரிழப்பு குறையவில்லை.

பச்சிளம் குழந்தைக்கு ரத்தத்தையே மாற்றுவது போன்ற சில சமயங்களில், கசிந்த பொட்டாசியத்துக்குப் பயந்து மருத்துவர்களே புதிய பையைத்தான் கேட்பார்கள்.