மழைக்குக் கசியாத கருப்பட்டி

பாளையங்கோட்டையில் சின்னதாக ஓர் இயற்கை அங்காடி வைத்திருக்கிறேன். போன வாரம் ஒரு காலேஜ் பையன் வாசலில் தொங்கிய 'கெமிக்கல் கலக்காதது' போர்டைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தான். "அண்ணாச்சி, பதநீர்க் கலயத்துல சுண்ணாம்பு தடவுறாங்கள்லா, அது கெமிக்கல் இல்லையா?" என்றான். சட்டென்று பதில் வரவில்லை. அன்று சாயங்காலமே போர்டைக் கழற்றிவிட்டேன்.

அவன் கேட்டது நியாயம்தான். சுண்ணாம்பு இல்லாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும், கருப்பட்டி காய்ச்சவே முடியாது. செக்கில் எள் ஆட்டும்போது கருப்பட்டி போடுகிறோம்; அப்போதுதான் புண்ணாக்கு திரண்டு எண்ணெய் பிரியும். துவரை தொலி கழன்று பருப்பாக உடைய அதற்குச் செம்மண் கட்டுகிறோம். எல்லாமே ஏதோ ஒன்றைச் சேர்ப்பதுதான். சேர்க்கிறார்களா என்று கேட்பதைவிட எதற்குச் சேர்க்கிறார்கள் என்று கேட்கலாம். பொருளை உண்டாக்கவா, அதன் லட்சணத்தை மறைக்கவா? மறைக்கிற வேலை என்றால் என் கடைக்கு வேண்டாம்.

வெல்லத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கரும்புச் சாற்றை அழுக்கெடுத்துக் காய்ச்சினால் பழுப்பாகத்தான் வரும். பாகை வெளுக்க ஹைட்ரோஸ் போடுகிறார்கள், அதாவது சோடியம் ஹைட்ரோசல்பைட். அதனால் வெல்லத்தில் தங்குகிற சல்பர் டை ஆக்சைடு கிலோவுக்கு 70 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று விதி இருக்கிறது. கடையில் நின்று பார்க்கிற கண்ணுக்கு அது தெரியுமா? பொங்கல் சமயத்தில் ஒரு ஆச்சி என் வெல்லத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்னய்யா இப்படிக் கறுத்துக் கெடக்கு? சாமிக்கு வைக்கது மஞ்சளா இருக்க வேண்டாமா?" என்று கேட்டுவிட்டு, அடுத்த கடைக்குப் போய்விட்டாள். ஆலைக்காரரை மட்டும் வைது என்ன பிரயோஜனம்?

எண்ணெயில் இன்னும் மோசம். பிழிந்த பிறகு புண்ணாக்கில் மிச்சமிருக்கும் எண்ணெயை, ஹெக்சேன் என்கிற பெட்ரோலியக் கரைப்பானை ஊற்றிக் கரைத்து எடுப்பார்கள். அப்புறம் எண்ணெயில் இருக்கும் அமிலம் போகக் காஸ்டிக் சோடா, நிறம் போக ஒரு வகை மண், வாசனை போக 200 டிகிரிக்கு மேல் நீராவி. ஹெக்சேன் பெரும்பாலும் ஆவியாகிவிடும், என் சண்டை அதோடு இல்லை. நல்ல கடலையில் எடுத்ததும் பூஞ்சை பிடித்த கடலையில் எடுத்ததும் கடைசியில் ஒரே மாதிரி, தண்ணீர் மாதிரி வந்து நிற்கிறதே, அதோடுதான். பாக்கெட்டில் 'ரீஃபைண்டு' என்று ஒரு வார்த்தை இருக்கும். இந்த வேலைகள் என்னென்ன என்று இருக்காது.

(கேட்பீர்கள், அதனால் சொல்லிவிடுகிறேன்: எங்கள் திருநெல்வேலி அல்வாவுக்கு வெள்ளைச் சீனிதான். நானும் தின்பேன். கடையில் விற்பதில்லை, அவ்வளவுதான்.)

இவ்வளவு பேசுகிறவன் ஏமாறவில்லையா என்றால், நன்றாக ஏமாந்தேன். கருப்பட்டிக்குப் பேர்போன உடன்குடிச் சரக்கு என்று சொல்லி ஒருவர் கருப்பட்டி கொண்டுவந்து போட்டார். ஓலைக் கொட்டான், சிரட்டை வடிவம், எல்லாம் சரி. நாலு மாதம் விற்றேன். ஐப்பசி மழை பிடித்தது. நல்ல கருப்பட்டி அந்த ஈரத்துக்குக் கசிந்து ஓலையில் ஒட்டும். இது கல்லு மாதிரி இருந்தது. ஒன்றைத் தரையில் போட்டு உடைத்தால் உள்ளே மினுமினு என்று சீனிப் பரல். பூராவும் சீனிப்பாகு. அதுவரை வாங்கிப்போனவர்களில் கடன் நோட்டில் பேர் இருந்தவர்களுக்குப் போன் போட்டுச் சொல்லி, பணத்தைக் கழித்தேன். மற்றவர்களை எங்கே போய்த் தேட?

இப்போது சரக்கு நேராக ஒரு பனையேறி வீட்டிலிருந்து வருகிறது. சீசனில் இரண்டு தடவை போய், அவர்கள் காய்ச்சுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நேற்று ஒரு அக்கா கொட்டானோடு வந்து, "அண்ணாச்சி, இது பூராவும் கசிஞ்சு ஓலையில ஒட்டிக்கிட்டு, மாத்தித் தாங்க" என்று சண்டைக்கு நின்றாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.