படைக்கு முன்பே போனவர்கள்

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்ததைப் பலரும் காணொளியில் பார்த்திருப்பீர்கள். ராஜேந்திர சோழன் கப்பல் விட்டான், அவன் பின்னால்தான் தமிழன் வியாபாரத்துக்குப் போனான் என்றார் பேச்சாளர். எழுந்து ஒரு கேள்வி கேட்டேன். "தராசு பிடித்தவர்களைப் பற்றிப் பேசும் மேடை இதுவல்ல, உட்காருங்கள்" என்றார். அரங்கம் சிரித்தது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

நான் கேட்டது இதுதான். கடல் கடந்து கடாரத்தின் மேல், அதாவது இன்றைய மலேசியாவின் கெடாவின் மேல், ராஜேந்திரன் படையெடுத்தது 1025இல். தாய்லாந்தின் தகுவாபாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அங்கே வெட்டிய ஒரு குளத்துக்கு அவனிநாரணம் என்று பெயர் வைத்து, மணிக்கிராமத்தாருக்கும் சேனாமுகத்தாருக்கும் காக்கும்படி ஒப்படைத்திருக்கிறார்கள். மணிக்கிராமம் வணிகர் குழு. ராஜேந்திரன் பிறப்பதற்கு முன்பே குளம் வெட்டிக் குடியிருந்தவர்கள், அவன் படைக்குப் பின்னால் எப்படிப் போயிருக்க முடியும்?

"சேனாமுகம் என்று இருக்கிறதே, அது படை அல்லவா?" என்கிறார்கள். படை என்றாலே அரசனின் படைதானா? வணிகர்கள் தங்கள் சரக்கைக் காக்க எறிவீரர்களை வைத்திருந்தார்கள். எறிவீரப்பட்டினம் என்றே ஊர்கள் இருந்தன.

சுமத்ராவின் பாருஸில் 1088ஆம் ஆண்டுக் கல்வெட்டு. கற்பூரத்துக்குப் பெயர்போன துறைமுகம். திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகர் குழுவினர் அங்கே கூடி, வந்து சேரும் மரக்கல நாயகன், அதாவது கப்பல் தலைவன், கஸ்தூரி விலைக்கு ஏற்பப் பொன் கட்ட வேண்டும் என்று விதிக்கிறார்கள். விதித்தது வணிகர் சபை.

என் அப்பா மிளகாய் மண்டியில் கணக்குப்பிள்ளை. முகம் பார்த்திராத கல்கத்தா வியாபாரிக்கு ஒரு தபால் அட்டையை நம்பி லாரி நிறையச் சரக்குப் போகும். ஒருமுறை பணம் வராமல் பேரேட்டில் அந்தத் தொகை மாதக்கணக்கில் நின்றது. அந்த ஊர் மண்டிக்காரர்களே கூடிப் பேசி வசூலித்து அனுப்பினார்கள். போலீஸ் போகவில்லை, கோர்ட் போகவில்லை. தொலைதூர வணிகம் வாக்கு நாணயத்தால் நிற்பது. அதைக் கட்டிக் காத்தவர்களைத்தான் அன்று மேடையில் ஏளனம் செய்தார்கள்.

சோழப் பெருமையைக் குறைக்கிறேனாம். 1015இலும் 1033இலும் 1077இலும் சோழத் தூதுக்குழுக்கள் சீனாவுக்குப் போயின. முதலாம் குலோத்துங்க சோழன் சுங்க வரியை நீக்கினான். அரசர்கள் உதவினார்கள், மறுக்கவே இல்லை. ஆனால் 1279க்குப் பிறகு சோழ அரசே இல்லையே! 1281இல் சீனாவின் சுவான்சௌவில், குப்ளாய் கான் ஆட்சியில், சிவன் திருமேனியை எழுந்தருளச் செய்து தமிழில் கல்வெட்டுப் பொறித்திருக்கிறார்கள். அரசு போன பிறகும் அந்தத் தொடர்பு அறவில்லை.

என் மகள் ராஜேந்திரனின் பட்டப்பெயர்களை வரிசையாக ஒப்பிப்பாள். ஐந்நூற்றுவர் யார் என்றால் விழிக்கிறாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள்தான் மேடையில் சிரிக்கிறார்களே.

ஐந்நூற்றுவர் கர்நாடகத்து ஐஹொளெ ஊரின் கன்னடர்கள், நமக்கென்ன என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கன்னடத்திலும் தெலுங்கிலும் தமிழிலும் கல்வெட்டு வைத்தவர்கள் அவர்கள். அதில் எனக்குப் பெருமைதான். பர்மாவின் பகானில் நானாதேசி விண்ணகர் என்றொரு பெருமாள் கோயில் இருந்தது. நானாதேசி என்றால் பல தேசத்து வணிகர். 13ஆம் நூற்றாண்டில் மலைமண்டலத்து, அதாவது கேரளத்து, மகோதயர்பட்டணத்துக் குலசேகர நம்பி அதற்கு மண்டபமும் கதவும் விளக்கும் கொடுத்தார். அவரை எந்த அரசனின் படை அங்கே கொண்டுபோய் விட்டது? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.