விரிசல் விட்ட கமான் பட்டையை வெல்டிங் வைத்து ஓட்டலாமா?

பழைய பிக்கப் வண்டியின் பாரத்தைத் தாங்கும் கமான் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) துருவேறி விரிசல் விட்டால், இரண்டு பக்கமும் வெல்டிங் வைத்துவிட்டு ஓட்டலாம் என்றொரு தகவல் பகிரப்படுகிறது. தவறு.

பட்டை, சாதாரண இரும்பு அல்ல. சுமார் 0.5 முதல் 0.6 சதவீதம் கார்பன் கலந்து, சூடேற்றிப் பதப்படுத்திய ஸ்பிரிங் எஃகு. வெல்டிங் சூடு பட்ட இடம் வேகமாக ஆறும்போது கண்ணாடி போல் நொறுங்கும் தன்மைக்கு மாறும்; அதற்கு அடுத்த பகுதியோ பதம் இழந்து தளரும். அதனால் வெல்டிங் தாங்கினாலும் அதன் ஓரத்திலேயே முறியும். அடுக்கில் சேசிஸோடு இணையும் மெயின் பட்டை முறிந்தால் ஆக்சில் (சக்கர அச்சு) நகர்ந்து, வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

பாரம் ஏறும்போது பட்டையின் மேல்முகம்தான் இழுபடும். துரு அரித்த குழிகளில் விரிசல் தொடங்குவதும் பெரும்பாலும் அங்கேதான். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துப் பாருங்கள். மீன், ஐஸ் ஏற்றும் வண்டி என்றால் உப்புநீர் பட்டைகளின் இடுக்கில் தங்கும். கூடுதல் கவனம் தேவை.

மாற்றும்போது சேசிஸுக்கு ஸ்டாண்டு, ஆக்சிலுக்குத் தனி ஜாக்கி. பட்டைகளை நடுவில் கோத்திருக்கும் சென்டர் போல்ட்டைக் கழற்றும் முன் பட்டை அடுக்கை சி-கிளாம்பால் இறுக்குங்கள், இல்லையேல் பட்டைகள் துள்ளும். பட்டையை ஆக்சிலோடு பிணைக்கும் பழைய யூ போல்ட் இழுபட்டிருக்கும், புதிதே போடுங்கள். பட்டையின் முனையைச் சேசிஸோடு இணைக்கும், ரப்பர் புஷ் உள்ள ஷேக்கிள் போல்ட்டை, வண்டி சக்கரத்தில் நின்ற பிறகே முழுதாக முடுக்க வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி முடுக்குங்கள்.

துருப்பிடிக்காமல் இருக்கக் கழிவு ஆயில் பூசும் யோசனையும் வேண்டாம். ரப்பர் புஷ் ஊதிவிடும்.