குழியை மூடுவது யாருடைய வேலை?

அமைச்சரவைத் தீர்மானங்கள் வெளிவரும் ஒவ்வொரு வாரமும் நான் முதலில் தேடுவது நீர்க்குழாய் வேலைகளைத்தான். ஒப்பந்தத் தொகை இருக்கும், கம்பனியின் பெயர் இருக்கும். எந்த வீதி, எத்தனை வீட்டு இணைப்புகள், தோண்டிய வீதியை யார் திருத்துவது என்பதெல்லாம் செய்தியில் வருவதில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு வேண்டியதோ அதுதான்.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் புதுக்குழாய் பதித்தார்கள். இரவில் தோண்டி, விடியுமுன் மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போனார்கள். மண்ணை இறுக்கவில்லை. முதல் மழைக்கே நீளமாகத் தாழ்ந்துவிட்டது. பக்கத்து வீட்டு அன்ரி பூசைக்குப் போகும்போது அதில் கால் இடறி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். நான் ஓர் அலுவலகத்துக்குப் போனேன், இன்னோர் அலுவலகத்தைக் காட்டினார்கள். அங்கே ஒப்பந்தக்காரரைக் கேட்கச் சொன்னார்கள். ஒப்பந்தக்காரர், அந்தத் துண்டை உப ஒப்பந்தத்தில் வேறு ஆளுக்குக் கொடுத்ததாகச் சொன்னார்.

அதைவிட மோசமானது ஒன்று உண்டு. புதுக்குழாய் மண்ணுக்குள் கிடக்க, எங்கள் வீடுகள் பதினொரு மாதம் பழைய குழாயிலேயே இருந்தன. விடிய நான்கு மணிக்கு எழுந்து வாளி நிரப்புவது நிற்கவில்லை. ஒழுங்கை முனையில் பழைய குழாய் கசிந்த இடத்தில் பாசி படிந்திருந்தது.

1886இல் லபுகம நீர்த்தேக்கத்திலிருந்து கொழும்புக்குக் குழாய் நீர் வந்தது. இன்று களனி கங்கை நீரை அம்பத்தலேயில் சுத்திகரித்து அனுப்புகிறார்கள். நகரின் அடியில் நூறு வயதைத் தாண்டிய வார்ப்பிரும்புக் குழாய்கள் இருந்திருக்கின்றன. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் குழாய்களை மாற்றும் திட்டம் 2012இல் தொடங்கிய காலத்தில், நகருக்கு அனுப்பிய நீரில் ஏறத்தாழப் பாதிக்கு வருமானமே இல்லை. கசிவு, களவு இணைப்பு, ஓடாத நீர்மானி என்று காரணங்கள் பல. கசிவில் பெரும்பங்கு, பிரதான குழாயிலிருந்து வீட்டுக்குக் கிளை பிரியும் இடங்களில் நடப்பது. எனவே பிரதான குழாயை மட்டும் பதித்துவிட்டு வீட்டு இணைப்பை மாற்றாமல் விட்டால், கடனும் ஏறும், நீரும் ஒழுகும்.

குறைந்த விலைக்கே ஒப்பந்தம் கொடுப்பதாகக் குறை சொல்கிறவர்களோடு நான் முழுதாக உடன்படவில்லை. அரசின் பெறுகை (கொள்முதல்) விதிகள் விலையை மட்டும் பார்க்கச் சொல்லவில்லை. கேட்ட நிபந்தனைகளையும் தகைமையையும் பூர்த்தி செய்த விலைமனுக்களுக்குள்தான் குறைந்தது தேடப்படுகிறது. என் கோபம் அதற்கு முந்திய கட்டத்தின் மீது: கேள்விப்பத்திரத்தை (ரெண்டர் ஆவணத்தை) எழுதும் மேசை. மண் இறுக்குவதும் தார் போடுவதும் இணைப்பு மாற்றுவதும் அங்கே ஒரே மொத்தத் தொகைக்குள் போனால், விலையைக் குறைக்க நினைக்கிறவர் அங்கேதான் கை வைப்பார். பதித்த மீற்றருக்குப் பணம் என்றால் மீற்றர்தான் வேகமாக நகரும். மாற்றிய ஒவ்வோர் இணைப்புக்கும் தனி விலை இருக்கட்டும். வீதி பழைய நிலைக்கு வந்த பிறகே அந்தத் துண்டுக்கான பணம் விடுபடட்டும். வேலை சரியா என்று பார்க்கும்வரை ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்காமல் பிடித்துவைக்கும் பணத்தில் ஒரு பகுதி, ஒரு மழைக்காலம் கழித்துக் கசிவை அளந்த பிறகு போகட்டும். இதனால் விலை ஏறும், தெரியும். ஒரே குழியை இரண்டு முறை தோண்டும் செலவு இப்போதும் எங்கள் தலையில்தான் விழுகிறது.

2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவைத் தயவுசெய்து வாசியுங்கள். உள்நாட்டு நிதியென்றால் ஐந்து இலட்சம் ரூபாய்க்கும், வெளிநாட்டு நிதியென்றால் ஒரு இலட்சம் டொலருக்கும் மேற்பட்ட திட்டங்களை, தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே மக்களுக்கு, குறிப்பாகப் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கு, அறிவிக்க வேண்டும் என்கிறது. எங்கள் ஒழுங்கைக்கு அறிவிப்பாக வந்தது மண்வெட்டிச் சத்தம். முனையில் நட்ட பலகையில் தமிழில் ஒரு வரி இல்லை. கொட்டாஞ்சேனையில்!

அடுத்த ஒழுங்கையில் இப்போது வெள்ளைச் சுண்ணாம்பால் கோடு போட்டிருக்கிறார்கள். ஒப்பந்தத்தின் விலைப்பட்டியல், இணைப்பு மாற்றும் திகதி, வீதி திருத்தப் பொறுப்பாளர் ஆகிய மூன்றையும் கேட்டு அதே சட்டத்தின் கீழ் நான்கு வீட்டார் திங்கட்கிழமை தகவல் அலுவலரிடம் தனித்தனியாக விண்ணப்பம் கொடுக்கிறோம். காரணம் சொல்லத் தேவையில்லை, 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். ஜம்பட்டா வீதி, கொச்சிக்கடைப் பக்கம் இருப்பவர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள், படிவத்தை நிரப்ப உதவுகிறேன்.