பெர்லினில் டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாதாம்

பெர்லின் மெட்ரோவில் கேட் கிடையாது, தடுப்பு கிடையாது. நேராக பிளாட்பாரத்துக்கே நடந்து போய்விடலாம். ஆகா, என்ன தாராளம் என்று தோன்றும். வில்லங்கமே அங்கேதான்.

மெஷின் துப்பும் காகித டிக்கெட்டைப் பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறினால் தொலைந்தீர்கள். பிளாட்பாரத்தில் ஓரமாக ஒரு சின்னப் பெட்டி நிற்கும். டிக்கெட்டை அதில் சொருகி 'டக்' என்று முத்திரை குத்த வேண்டும். தேதியும் நேரமும் விழாதவரை அது வெறும் தாள்தான். டிராமிலும் பஸ்ஸிலும் பெட்டி வண்டிக்குள்ளே இருக்கும். சாதாரண உடையில் வரும் பரிசோதகரிடம் 'ஊருக்குப் புதுசு' என்று கெஞ்சினாலும் 60 யூரோ அபராதம்.

அடுத்த கண்ணி, மண்டலம். நகரத்துக்கு ஏ, பி மண்டலங்களுக்கான 'ஏபி' டிக்கெட் போதும். 2020இல் திறந்த விமான நிலையமோ சி மண்டலத்தில் உட்கார்ந்திருக்கிறது. 2025இல் ஏபி 3.80 யூரோவாகவும் ஏபிசி 4.70 யூரோவாகவும் இருந்தன. அந்தச் சில்லறை வித்தியாசம் தெரியாமல் ஏறினாலும் அதே 60தான். ஒற்றை டிக்கெட் இரண்டு மணி நேரம் செல்லும், ஆனால் ஒரே திசையில். அதை வைத்துத் திரும்பி வர முடியாது.

அந்தப் பெட்டிக்கு மேலே பெரிதாக ஓர் அம்புக்குறி போட்டால் என்ன குறைந்துவிடும்?