கட்டாத புடவையின் கொசுவம்

முகமூடி போட்டு ஆடினால் உள்ளே இருக்கும் 'உண்மையான நான்' வெளியே வந்துவிடும் என்று நடனப் பயிலரங்கு விளம்பரங்களில் அடிக்கடி பார்க்கிறேன். அதை நம்பித்தான் போன மாதம் ஒரு இரண்டு நாள் பயிலரங்குக்குப் பணம் கட்டினேன். 46 வயதில் அந்த உண்மையானவள் எப்படித்தான் இருப்பாள், பார்த்துவிடலாமே என்ற ஆசை. வந்தது வேறு ஆள்.

காகிதக்கூழில் செய்த வெள்ளை முகமூடி. அதில் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால்தான் மாட்ட முடியும். உள்ளே பசை வாசனை. என் மூச்சே சூடாகத் திரும்பி என் கன்னத்தில் அடிக்கிறது. இரண்டு சின்ன ஓட்டை வழியே நேர் எதிரே இருப்பது மட்டும்தான் தெரியும். பக்கத்தில் நிற்பவரைப் பார்க்கத் தலையை முழுசாகத் திருப்ப வேண்டும். போட்டபின் பேசக்கூடாது, கையால் தொடக்கூடாது. முதல் பத்து நிமிடம் நான் உள்ளே சிரித்துக்கொண்டே இருந்தேன். புது ஆட்களைப் பார்த்தால் வருகிற அதே மரியாதைச் சிரிப்பு. யாருக்குத் தெரியப்போகிறது? ஆனாலும் நிற்கவில்லை.

அப்புறம் மூன்று படி ஏறி மேடைக்கு வரச் சொன்னார்கள். கூட வந்தவர் ஒருவர் அதைப் போனில் எடுத்திருந்தார். வீட்டில் தங்கையிடம் எதுவும் சொல்லாமல் வீடியோவைக் காட்டினேன். நாலு பேர், ஒரே வெள்ளை முகம், ஒரே கறுப்பு டி-ஷர்ட்.

"மூணாவது ஆள் நீதானே அக்கா?"

"எப்படிடி தெரிஞ்சுது?"

"படி ஏறும்போது பாரேன். அம்மா மாதிரியே."

பார்த்தேன். இடது கை தொடைக்கு மேலே எதையோ கொத்தாக அள்ளித் தூக்குகிறது. கொசுவம்! போட்டிருந்ததோ டிராக் பேண்ட். விசேஷ நாள் தவிர நான் புடவையே கட்டுவதில்லை. அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது.

அன்று ராத்திரி மேரி விக்மனின் 'சூனியக்காரி நடனம்' துண்டுப்படத்தை மறுபடி தேடிப் பார்த்தேன். இரண்டு நிமிடம்கூட ஓடாது. விக்மன் ஜெர்மனிக்காரர். 1914இல் இந்தத் தலைப்பில் ஒருமுறை ஆடி, 1926இல் முகமூடியோடு புதிதாக அமைத்தார். தரையில் உட்கார்ந்தபடியே ஆடுகிறார்; விரல்கள் காற்றைப் பிறாண்டுகின்றன, கைகள் முழங்காலைப் பிடித்து அகட்டுகின்றன. ஒரு இரவு தற்செயலாகக் கண்ணாடியைப் பார்த்தபோது தலை கலைந்து, கண் குழிந்து, ஆவேசம் வந்தவள் போல ஒருத்தி அதில் தெரிந்தாள், அவள்தான் இந்தச் சூனியக்காரி என்று அவரே பிற்பாடு எழுதியிருக்கிறார். முகமூடியின் கதை இன்னும் விசேஷம். விக்டர் மாகிட்டோ அதை வேறொரு நடனத்துக்காகச் செய்தார். அதற்குப் பொருந்தவில்லை என்று ஒதுக்கி வைத்திருந்தது. காரணம், அதில் விக்மனின் சொந்த ஜாடை இருந்தது. தன் முகத்தின் மேலேயே, பேயாகிப்போன தன் முகத்தை மாட்டிக்கொண்டு ஆடியிருக்கிறார்!

உள்ளே அடைத்து வைத்ததை அவிழ்த்துவிட்டார் என்று இதற்கு விளக்கம் சொல்வார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அவிழ்த்துவிட்டால் போதுமென்றால் வெறும் முகத்தோடே ஆடியிருக்கலாமே. கண்ணாடியில் தெரிந்தவளை யாரோ ஒருத்தியாகத் தள்ளி நிறுத்திப் பார்க்க அவருக்கு அந்த முகமூடி தேவைப்பட்டது என்றுதான் நினைக்கிறேன்.

நம் பக்கம், தஞ்சாவூர் அருகே மெலட்டூரில் ஆடும் பாகவத மேளா நாட்டிய நாடகத்தில் நரசிம்மர் முகமூடிக்குப் பூஜை உண்டு, அதைப் போடுபவர் விரதம் இருப்பார். அங்கே யாரும் தன்னைக் கண்டுபிடிக்கப் போவதில்லை. கொஞ்ச நேரம் தான் இல்லாமல் போகத்தான் அத்தனை ஏற்பாடும். பயிலரங்கு விளம்பரத்தைவிட அது நேர்மையாகத் தோன்றுகிறது.

தங்கை அந்த வீடியோவைத் தனக்கும் அனுப்பச் சொன்னாள். அம்மா நடக்கிற வீடியோ எங்கள் இருவரிடமும் ஒன்றுகூட இல்லை.