விற்கவும் மாட்டார்கள், ஓட்டவும் மாட்டார்கள்

ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் சந்துக்குச் சந்து ஒரு பழைய ஜப்பான் கார் கவருக்குள் கிடக்கிறது. 1998-இல் திருவள்ளூரில் தயாராகத் தொடங்கிய மிட்சுபிஷி லான்சர், அதே காலத்து முதல் ஹோண்டா சிட்டி, 2000-இல் வந்து 2005-இல் நிறுத்தப்பட்ட டொயோட்டா குவாலிஸ். பார்த்தால் எனக்குக் கால் நகராது. கதவைத் தட்டி, "அண்ணே, வண்டி குடுக்குறீங்களா?" என்று கேட்டால், "அப்பா வாங்குனது தம்பி, குடுக்குற ஐடியா இல்ல" என்பார்கள். சரி, பாசம். அதை மதிக்கிறேன். பாசம் இருந்தால் வாரம் ஒருமுறை எண்ணூர் வரை ஓட்டிவிட்டு வரலாமே!

நின்ற வண்டிதான் சீக்கிரம் கெடும். பேட்டரி இறங்கும், டேங்கில் பெட்ரோல் பிசினாகும், பிரேக் இறுகும், வயரை எலி கடிக்கும். ஓடாவிட்டாலும் இன்ஜினில் இருக்கும் டைமிங் பெல்ட்டுக்கு வயசாகும். இதையெல்லாம் சரிசெய்துவிடலாம், புதுப்பேட்டையில் பொறுமையாகத் தேடினால் பாகமும் கிடைக்கும். ஆனால் கடல்காற்று அரித்த அடித்தகட்டை என்ன செய்வது? கவருக்குள் ஈரம் நின்றால் துரு இன்னும் வேகமாக ஏறும். 15 வருடப் பதிவையும் புதுப்பிக்காமல் விட்டிருப்பார்கள்.

அப்புறம் ஒருநாள் அந்த இடம் காலி. கேட்டால், "எடைக்குப் போட்டுட்டோம் தம்பி." நான் சொன்ன விலையில் பாதிகூட வந்திருக்காது. என் நம்பரை வாங்கி வைத்தீர்களே அண்ணே, ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா?